நாலு விரல் இடைவெளி

எங்கள் வீடு லண்டனில், ஆர்ச்வே மேட்டுச் சரிவில் இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் இரண்டு மாடி, வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவில் நின்று பார்த்தால் மூன்று. நிலம் பின்னுக்குச் சரிந்து போவதால், முன்பக்கம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் நிலவறை பின்பக்கம் வளவோடு சமமாக வெளியே வருகிறது. அதற்கென்று ஒரு கதவும் ஒரு யன்னலும் உண்டு. வீடு வாங்கி இருபது வருடத்துக்கு மேலாக அதற்குள் பழைய மெத்தை, பிள்ளைகளின் சைக்கிள், கோயில் அன்னதானத்துக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கிற பெரிய சோற்றுக் கிடாரம் என்று போட்டு வைத்திருந்தோம்.

அத்தானுக்காகத்தான் அதை அறையாக்குகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னேன். இப்போது யோசித்தால் அது பாதி உண்மை.

அத்தான் என் அக்காவின் கணவர். டென்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் நாட்டை விட்டு வந்த புதிதில் ஒன்றரை வருடம் அங்கே அவர்களுடைய இரண்டு அறை வீட்டில்தான் இருந்தேன். ஒரு நாளாவது அவர் என்னை எப்போது போகப் போகிறாய் என்று கேட்டதில்லை. அக்கா கண்ணை மூடிய பிறகு அவரைத் தனியே விடக்கூடாது என்று அவருடைய மகள் இங்கே வெம்பிளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கிழமை அங்கே இருந்தார். பிறகு ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஏன் அத்தான், அங்கே ஏதும் பிரச்சினையோ என்று கேட்டேன். மகளும் மருமகனும் தங்கம் என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொடியன் வேலையால களைச்சு வரேக்கை நான் அவன்ரை சோபாவில சாய்ஞ்சு கிடக்கிறன். அவன் ஒண்டும் சொல்லான். எனக்குத்தான் எழும்பி நிக்க வேணும் போல கிடக்கு."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் விருந்தாளியாகப் போய் நாலு நாள் இருக்கலாம். அங்கேயே குடியிருப்பது என்பது அத்தானைப் போன்ற ஒருவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தன் பாட்டில் பூட்டித் திறக்கிற கதவோடு ஒரு அறை வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் குளியலறை மேல்மாடியில் இருந்தது. அத்தானுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. முன் அறையில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் கைப்பிடியைப் பிடித்து ஏறி, இறங்கும்போது படியில் குந்திக் குந்தி குழந்தைப்பிள்ளை போல இறங்கி வருவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி சொன்னாள், நிலவறையைத் திருத்தினால் என்ன என்று. வீட்டின் பக்கத்தால் போகிற ஒழுங்கை வழியாக வந்தால் ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை.

மற்றப் பாதி உண்மை இது. எனக்கு ஒரு சுவாமி அறை வேண்டும் என்ற ஆசை நெடுநாளாய் இருந்தது. இருபத்தைந்து வருடமாக என் சுவாமிப் படங்கள் குசினி அலுமாரிக்குள் இருந்தன. மீன் பொரிக்கும் நாட்களில் மனைவி அலுமாரிக் கதவை இறுக்கிச் சாத்தி, இடுக்கில் துவாய்த் துண்டு செருகி வைப்பாள். ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கதவைத் திறக்கும்போது எனக்கு முகம் கூசும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பெட்ரோல் ஷெட்டிலும் கடையிலும் நின்றே காலம் போனது. முருகன்தான் இவ்வளவும் தந்தார் என்பது என் நம்பிக்கை. தந்தவருக்கு ஒரு அறை கொடுக்கவில்லையே என்பது என் குறை.

அத்தானுக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. நான் திருநீறு பூசிக்கொண்டு வந்தால் என்னை மேலும் கீழும் பார்ப்பார். "உன்ரை முருகன் லண்டனுக்கு விசாவோட வந்தவரோ, இல்லை உன்னை மாதிரி லொறிக்குள்ள ஒளிச்சு வந்தவரோ?" என்று கேட்பார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்குக் கோபம் வராது. ஆனால் ஏதோ ஒன்று உள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

சுவர் வேலைக்கு வந்த தச்சரை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிட்டோம். அவர் பிரான்சிலிருந்து குடும்பத்தோடு இங்கே மாறி வந்தவர். நாற்பது வயதிருக்கும். பாரிசில் பதினைந்து வருடம் வீடுகளுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பிய கை. தமிழில் அமைதியாகப் பேசுவார். டிரில் இறுகிக்கொண்டால் மட்டும் அதோடு பிரெஞ்சில் பேசுவார்.

முதல் நாள் அவர் நீலச் சுண்ணப் பொடி பூசிய நூலை இழுத்துச் சுண்டி, தரையில் கோடு போட்டார். மூன்று பெட்டிகள். பெரியது அத்தானின் அறை, அடுத்தது குளியலறை, மூலையில் சின்னது சுவாமி அறை. அத்தான் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய பெட்டிக்குள் போட்டு அமர்ந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். கோட்டைத் தாண்டக் காலை எடுத்தேன்.

"கதவைத் தட்டிப்போட்டு வா, மச்சான்" என்றார்.

கதவு இருக்கவில்லை, சுவர்கூட இருக்கவில்லை. நான் காற்றில் இரண்டு தரம் தட்டினேன். "ஓம், வரலாம்" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அக்கா போன பிறகு அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கண்டது அன்றுதான்.

பிறகு மரவேலை. தரையில் ஒரு நீளக் கட்டையைப் படுக்க வைத்து இறுக்குவார். அதற்கு நேர் மேலே உத்தரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் குத்துக்கட்டைகள், நானூறு மில்லிமீற்றருக்கு ஒன்று. வீடு நூறு வருடத்துக்கு மேல் பழசு. மேல்தளம் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருந்தது. அதனால் ஒவ்வொரு குத்துக்கட்டையையும் தனித்தனியே அளந்து வெட்டி, பென்சிலால் இலக்கம் போட்டு வைப்பார். நான் நீர்மட்டம் பிடிப்பேன். குமிழி நடுவில் வந்ததும் சொல்வேன், அவர் ஸ்குரூவை ஓட்டுவார். மேலே சுண்ணப் பலகை அடிக்க முன் அந்தச் சட்டங்கள் நிற்கும் அழகே வேறு. ஒரு அறையில் நின்று மற்ற இரண்டு அறைகளுக்கும் ஊடாகப் பார்க்கலாம். நான் தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு மரத்தூளுக்குள் நிற்பேன். அத்தான் தன் கதிரையில் இருந்து, கம்பிக்குப் பின்னால் நிற்கிற கள்ளன் மாதிரி இருக்கிறாய் என்பார்.

பிரச்சினை நடுச் சுவரில் வந்தது. சாக்கடைக் குழாய் வடகிழக்கு மூலைக்குக் கிட்டத்தான் இறங்குகிறது. ஆகவே குளியலறைக்குள் கழிவறை இருக்கை அங்கேதான் வர வேண்டும். சுவாமிக்கும் வடகிழக்கு மூலைதான் வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து. நான் மேட்டு உச்சியில் இருக்கிற முருகன் கோயிலில் ஐயரைக் கேட்டேன். சுவாமிக்கு மேலே கழிவறை இல்லாவிட்டால் நிலவறை பரவாயில்லை, ஆனால் ஒரே சுவரின் இந்தப் பக்கம் சுவாமியும் அந்தப் பக்கம் கழிவறையும் வேண்டாம், ஏலுமானால் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்ன "ஏலுமானால்" என்ற சொல்லை நான் மேட்டிலிருந்து இறங்கி வரும் வழியிலேயே தொலைத்துவிட்டேன்.

வந்து தம்பியிடம், நடுவில் இரண்டு சுவர் வேண்டும் என்றேன். சுவாமிக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒரு மரமும் இங்கிருந்து அங்கே தொடக்கூடாது.

அவர் அளவுநாடாவை இழுத்துப் பார்த்தார். குளியலறை ஏற்கெனவே ஒடுக்கம், இரண்டாவது சுவர் அதைத் தின்னும் என்றார். நான் விடவில்லை. கடைசியில், இடம் மிச்சம் பிடிக்க, குத்துக்கட்டைகளை அகலம் முன்னுக்கு வரும்படி திருப்பி வைத்து, மெல்லிய சுவராக இரண்டு எழுப்பினார். இடைவெளிக்குள் சத்தம் அடக்கும் கம்பளிப் பஞ்சை அடைக்கச் சொன்னேன். தண்ணீர் இழுக்கிற சத்தம் பூசையில் கேட்கக்கூடாது என்பது என் எண்ணம்.

பலகை அடிக்கிற நாள் காலை, தம்பி என்னைக் கூப்பிட்டார். அத்தானும் கூட நின்றார்.

"அண்ணை, சுவருக்குள்ள எங்கெங்கை குறுக்குக்கட்டை வேணும் எண்டு இப்பவே சொல்லுங்கோ" என்றார் தம்பி. "பலகைக்குப் பின்னால மரம் இல்லாட்டி ஒண்டும் நிக்காது. அடிச்சாப் பிறகு ஏலாது."

நான் முதல் வேலையாகச் சுவாமித் தட்டுக்கு இடம் காட்டினேன். படங்கள், வெள்ளி வேல், குத்துவிளக்கு, எல்லாம் பாரம். மூன்று குறுக்குக்கட்டை போடச் சொன்னேன். அவர் போட்டார்.

அத்தான் கழிவறை இருக்கை வரும் இடத்தைக் காட்டினார். "தம்பி, இதில ஒரு கைபிடி கிடந்தா நல்லது. இருந்தா எழும்பக் கஷ்டம்."

அந்தப் பக்கம் இருந்தது நடுச் சுவர் ஒன்றுதான். மற்றப் பக்கம் ஷவர்க் கண்ணாடி. தம்பி தலையைச் சொறிந்தார். மெல்லிய சுவர், ஆளின் பாரம் தாங்காது, ஆனால் ஒரு தடித்த மரப்பலகையை இடைவெளிக்குள் விட்டு இரண்டு சுவரையும் சேர்த்து இறுக்கினால் யானை தொங்கினாலும் அசையாது என்றார்.

"இரண்டையும் சேர்த்தா பிறகு ஒரே சுவர்தானே?" என்று நான் கேட்டேன்.

"ஓம் அண்ணை. ஆனா வெளியால தெரியாது."

"முருகனுக்குத் தெரியும்" என்றேன்.

எனக்கு அவசரமும் இருந்தது. ஆனி முடிய ஒரு கிழமைதான் இருந்தது. ஆடி பிறந்தால் சுவாமியைப் புது அறைக்கு எழுந்தருளப் பண்ண ஏலாது. அதற்குள் வந்த ஒரே வெள்ளியை விட்டால் ஆவணிதான். வேறு வழி யோசிக்க, சுவரைப் பிரித்துத் தடித்த கட்டை போட, இரண்டு மூன்று நாள் தேவை. அந்த நாட்களை நான் கொடுக்கவில்லை.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் அவருடைய தோளில் தட்டினார். "விடு தம்பி. சாமியோட நான் முட்டக் கூடாதாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய சிரிப்பு எப்படிப்பட்டது என்று அப்போது நான் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் என்னைக் கேலி பண்ணினீரே, இந்த ஒரு விஷயத்தில் என் சொல்தான் நிற்கும் என்று ஒரு சின்னத் திருப்தி எனக்குள் இருந்தது. பக்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கைபிடி வர வேண்டிய இடத்தில் கடைசியில் ஒரு துவாய்க் கம்பி வந்தது. பலகையில் துளை போட்டு, பிளாஸ்டிக் ஆப்பு செருகி இறுக்கியது. இறுக்கி முடித்ததும் தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார், இதில் துவாய் மட்டும்தான் போட வேண்டும், ஒருவரும் பிடித்து எழும்பக்கூடாது, அத்தானுக்கும் சொல்லுங்கோ என்று. அத்தான் அப்போது வளவில் நின்றார். நான் தலையாட்டினேன்.

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் பொய். சொன்னால் மறுபடி கைபிடிக் கதை கிளம்பும் என்று விட்டுவிட்டேன்.

சுவாமி அந்த வெள்ளியே குடிவந்தார். அத்தான் அடுத்த நாள் தன் சூட்கேசைப் பிரித்து, உடுப்பையெல்லாம் புது அலுமாரியில் அடுக்கி, வெறும் பெட்டியை மேலே என்னிடம் கொண்டுவந்து தந்தார். அவர் அங்கே இருந்த மூன்று மாதமும் நல்ல காலம். பக்க ஒழுங்கையால் வந்து போவார். வளவில் தக்காளி வைத்தார். தமிழ் ரேடியோவைப் போட்டுவிட்டு, செய்தி வாசிப்பவரோடு வாதாடுவார். நாங்கள் ஒவ்வொருவரும் கதவைத் தட்டித்தான் உள்ளே போவோம். மகள் வெம்பிளியில் இருந்து சனிக்கிழமைகளில் வருவாள். அப்பாவை நான் என் அப்பாவைப் போலப் பார்ப்பேன், நீ யோசிக்காதே என்று அவளுக்குச் சொல்லி இருந்தேன். இப்போது உன் மணிச் சத்தம்கூட எனக்குக் கேட்பதில்லை, பெரிய நிம்மதி என்று அத்தான் என்னிடம் சொல்வார். பஞ்சு அடைத்த சுவர் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் சுவாமி அறையில் பூசையில் இருந்தேன். எனக்குப் பெரிய குரல். தேவாரம் பாடத் தொடங்கினால் முழுப் பதிகமும் பாடித்தான் நிறுத்துவேன். மனைவி மேலே குசினியில் நின்றாள். தரைக்குக் கீழே ஏதோ விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சுவாமித் தட்டில் இருந்து ஏதும் விழுந்ததாக்கும் என்று முதலில் இருந்துவிட்டாள். பிறகு மனம் கேட்காமல் இறங்கி வந்து, அத்தானின் கதவைத் தட்டி, பதில் வராமல் திறந்து, குளியலறைக்குள் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். மாடியில் இருந்தவளுக்குக் கேட்டது, நாலு விரலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

நான் கற்பூரத் தட்டோடு ஓடிப்போய் நின்றேன். அத்தான் கழிவறை இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். கையில் துவாய்க் கம்பி. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"பாட்டு முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு, நான் பாடி முடியட்டும் என்று கிடந்திருக்கிறார்.

அம்புலன்ஸ் வந்தது. இடுப்பு முறிந்திருக்கும் என்று அவர்கள் தூக்கும்போதே சொன்னார்கள். மனைவி கூடப் போனாள். மகளுக்கு நான் போன் பண்ணினேன். அப்பாவின் உடுப்பும் மருந்தும் எடுத்துக்கொண்டு போக, நேராக இங்கே வருகிறேன் என்றாள். வெம்பிளியில் இருந்து ரயில் மாறி வர ஒரு மணித்தியாலம் ஆகும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் செய்ததை இதுவரை எழுதியதில்லை. குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். சுவரில் இரண்டு பெரிய ஓட்டை, ஓரம் பிய்ந்து, உள்ளே பஞ்சு தெரிந்தது. நிலத்தில் கம்பியும் பிளாஸ்டிக் ஆப்புகளும். நான் வளவில் நிற்கிற ஷெட்டில் இருந்து பூச்சு மாவையும் மிச்சப் பெயின்ட்டையும் கொண்டுவந்தேன். பஞ்சை உள்ளே தள்ளி, ஓட்டையை அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் பூசினேன். கம்பியைக் குப்பைத் தொட்டியில் அடியில் போட்டேன். நெற்றியில் காலைத் திருநீறு கலையவில்லை.

அத்தானின் மகள், எனக்கு மருமகள் முறை, வந்தாள். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, பெயின்ட் மணக்குது?" என்றாள். ஈரம் ஊறி இருந்தது, நேற்றுப் பூசினேன் என்றேன். அவள் அழுதுகொண்டே உடுப்பெடுக்கப் போய்விட்டாள்.

வைத்தியசாலையில் அத்தான் எல்லோருக்கும் ஒரே கதைதான் சொன்னார். சவர்க்காரத் தண்ணியில் வழுக்கிவிட்டேன், என் பிழை என்று. அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு வெட்கமும் வந்தது, ஒரு ஆறுதலும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்தது. நடக்க உதவும் நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தார். வீட்டுக்கு அனுப்ப முன் வசதி எப்படி என்று பார்க்க வைத்தியசாலையில் இருந்து ஒரு பெண் வந்தார். அறையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். படி இல்லை, நல்ல வெளிச்சம். பிறகு குளியலறைக்குள் போய் அளவுநாடாவை விரித்தார். நடக்கும் சட்டத்தோடு உள்ளே திரும்ப இடம் போதாது என்றார். எவ்வளவு போதாது என்று கேட்டேன். விரல்களை விரித்துக் காட்டினார். அவருடைய மெல்லிய கையில் அது ஆறு விரல் அகலம் இருக்கும். என் இரண்டாவது சுவரும் அதன் இடைவெளியும் அதைவிடக் கூட.

அத்தான் வெம்பிளிக்குப் போனார். மருமகன் தன் வேலை அறையை ஒழித்துக் கீழே கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், அவரில் ஒரு குறையும் இல்லை. மேலே என்னிடம் இருந்த சூட்கேசை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் அதைப் பிரிக்கவே இல்லை. உடுப்பைப் பெட்டிக்குள் இருந்தே எடுப்பார், தோய்த்ததும் பெட்டிக்குள்ளேயே வைப்பார். மருமகன் வேலையால் வரும் நேரத்துக்கு முதலே சாப்பிட்டு முடித்துவிடுவார். முன் அறையில் ரேடியோ போடுவதில்லை. சனிக்கிழமைகளில் நான் கோயில் பிரசாதம் கொண்டு போவேன். அவர் கேலி ஒன்றும் பேசாமல் வாங்கி வைப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முருகனைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ அத்தான் என்று கேட்க வேண்டும் போல இருக்கும்.

தை பிறந்ததும் நான் தம்பியைக் கூப்பிட்டு, இரண்டாவது சுவரை எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. சுவாமிப் படங்களை நானே ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டு போய்ப் பழையபடி குசினி அலுமாரிக்குள் வைத்தேன். மனைவி அலுமாரியைத் துடைத்துக் கொடுத்தாள்.

பலகையைக் கழற்றும்போது தம்பியின் கை ஓரிடத்தில் நின்றது. நான் அடைத்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். தொழில்காரனுக்கு அது தெரியாமல் போகாது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கழற்றிய பலகையை ஒரு பக்கம் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்:

"அண்டைக்கு நீங்கள் தேத்தண்ணிக்கு மேல போன நேரம் நான் சொல்லாமலே அந்தத் தடிச்ச மரப்பலகையை வைச்சிருக்க வேணும், அண்ணை. வைப்பம் எண்டு யோசிச்சனான். உங்கடை மனம் நோகும் எண்டு விட்டிட்டன்."

என் பாரத்தில் பாதியை அவரும் இவ்வளவு நாள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். அது அவருக்குரிய பாரம் இல்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன்.

சுவாமி அறையில் இருந்தும் ஒரு முழம் எடுத்து, ஒரே சுவராக, தடித்த குத்துக்கட்டையில் எழுப்பினோம். கழிவறை இருக்கைக்குப் பக்கத்தில் மூன்று குறுக்குக்கட்டை. சுவாமித் தட்டுக்குப் போட்ட அதே கட்டைகளைத்தான் கழற்றி அங்கே போடச் சொன்னேன். உருக்குக் கைபிடி ஒன்று வாங்கி இறுக்கினார். நான் தொங்கிப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை வெம்பிளிக்குப் போனேன். மருமகன் கடைக்குப் போயிருந்தார். மருமகளையும் கூப்பிட்டு இருக்கச் சொல்லி, இரண்டு பேருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு விரலுக்காக இரண்டு சுவர் எழுப்பியதை, கைபிடி கேட்டதை, நான் மறுத்ததை, கம்பி கழன்றதை, நான் பெயின்ட் பூசியதை, அவளுக்குச் சொன்ன பொய்யை. குளியலறை இப்போது அகலம், அத்தான் திரும்பி வரலாம் என்றும் சொன்னேன். எனக்காகச் சவர்க்காரக் கதை சொன்னீங்கள், நான் அந்த நிழலில் இருந்துவிட்டேன் என்றேன்.

அத்தான் தலையை ஆட்டினார்.

"உனக்காக ஆர் சொன்னது, மச்சான்? உன்ரை பேஸ்மென்ட் சரியில்லை எண்டு தெரிஞ்சா இவள் என்னைத் திரும்ப விடமாட்டாள். அதுக்குச் சொன்னனான்."

வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோதும் அவர் யோசித்தது தன் பாட்டில் பூட்டித் திறக்கிற அந்தக் கதவைப் பற்றித்தான். நானோ என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன், கோபிக்கவில்லை. "மாமா, அண்டைக்கே எனக்குச் சொல்லியிருந்தா நானே ஆளைப் பிடிச்சு அகலமாக்கித் தந்திருப்பன்" என்றாள். "அப்ப அப்பாவால ஏலும். இப்ப ஏலாது. இரவில ரெண்டு தரம் நான் தூக்கிவிட வேண்டிக் கிடக்கு. இனி நான் விடமாட்டன்." அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அத்தான் கட்டில் காலடியில் நின்ற சூட்கேசைப் பார்த்தார்.

கிட்டத்தட்ட நாலு மாதம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் கொஞ்சம் நடந்த அந்த நாலு மாதத்துக்குள் சுவரை இடித்திருக்கலாம். விழுந்தது ஒரு பிழை என்றால், மறைத்தது அவருடைய அறையை முழுதாக எடுத்துவிட்டது.

நான் எழும்பியபோது அத்தான் கேட்டார், "என்ரை கதவு அப்பிடியே கிடக்கோ?"

"ஓம் அத்தான்."

"அப்ப தட்டிப்போட்டுப் போ. ஆள் இல்லை எண்டு சும்மா உள்ளுக்கப் போயிடாதை."

ஐயரிடம் இதைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மேட்டில் ஏறி, சந்நிதியில் நின்று, முருகா நீ என்னிடம் நாலு விரல் கேட்கவில்லையே என்று மட்டும் சொல்கிறேன். முருகனிடம் வேறொன்றும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து நிலவறைக்கு இறங்குவேன். அங்கே தூசி தட்ட வேண்டும், யன்னலைத் திறந்து காற்று விட வேண்டும். அத்தானின் கதவை இரண்டு தரம் தட்டுவேன், கொஞ்சம் நின்று பார்ப்பேன். பிறகு உள்ளே போய், குளியலறையில் அந்தக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து என் முழுப் பாரத்தையும் அதில் போட்டுப் பார்ப்பேன். அது அசைவதில்லை.